செம்புக் குழாயில் மூன்று தட்டு

“வேண்டாம்னா வேண்டாம். செம்பு உடம்புக்கு நல்லது.”

பெரியவள் சொல்லி வாய் மூடவில்லை, மேல்கூரையிலிருந்து ஒரு சொட்டு நேராக அவளுடைய காபிக் குவளைக்குள் விழுந்தது. மகன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

“பாரு, நல்லது தேடிக்கிட்டு வந்து விழுது. குடிம்மா.”

“கேலி பண்ணு. இத்தனை வருஷமா ஓடுற பைப். ஒரு குறை சொல்ல முடியுமா உன்னால?”

“ஒரு குறை சொல்ல முடியாதுதான். மாசத்துக்கு ஒண்ணு புதுசா வருதே.”

பிளம்பர் சமையலறை மூலையில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து மாடிக்கு ஏறும் செம்புக் குழாயை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்காரர். கையில் வேலை இருந்தாலும் வாய்க்குத் தனி வேலை வைத்துக்கொள்ளும் மனிதர்.

“அம்மா, உங்க கிணத்துத் தண்ணி கொஞ்சம் புளிப்பு. நாக்குக்குத் தெரியாது, செம்புக்குத் தெரியும். உள்ள இருந்தே அரிச்சுக்கிட்டு வருது. பாத்திரம் கழுவுற தொட்டியில பச்சையா கறை இருக்கே, அது என்னன்னு நினைச்சீங்க? உங்க பைப்புதான். கரைச்சு கரைச்சு பாதியைக் குடிச்சே தீர்த்துட்டீங்க.”

“தொட்டி மட்டுமா?” என்று வாசற்பக்கமிருந்து ஒரு குரல். “எங்க அண்ணி நரையைப் பாருங்க. வெயில்ல நின்னா லேசா பச்சை அடிக்கும்.”

“என் தலையில பச்சை அடிக்கவாவது முடி இருக்கு, தம்பி.”

வந்தவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, அடிபட்டதை ரசித்தபடியே உள்ளே வந்தார். அவளுடைய கொழுந்தன். மனைவியோடு மாடியில் குடியிருக்கிறார். வீட்டில் அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை நிறுத்தமாட்டார் என்பது ஒரு காரணம். மாடிச் செய்தி கீழ்வீட்டுக்கும் கீழ்ச் செய்தி மாடிக்கும் அவர் மூலமாகத்தான் போய்வர வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

“மேல அம்மா என்ன சொல்றாங்க? பிளாஸ்டிக் பைப்பா மாத்த அவங்களுக்குச் சம்மதமா?” என்று பிளம்பர் கேட்டார்.

மகன் கூரையைப் பார்த்தான். பெரியவள் காபிக் குவளையைப் பார்த்தாள்.

“அவளும் வேண்டாம்னுதான் ஒரே பிடியா நிக்கிறா. செம்பு உடம்புக்கு நல்லதாம்” என்றார் ரேடியோ.

பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் குவளையைத் துடைக்கத் தொடங்கினாள், அதில் இன்னும் காபி இருக்கும்போதே.

மேலே இருப்பவள் சின்னவள், பெரியவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் வந்தவர்கள் இருவரும். ஒரு காலத்தில் ஒரே அடுப்பில் சமைத்து, ஒருத்தி தலையை ஒருத்தி பின்னி, மாமியாரைப் பற்றி ஒரே குரலில் குறை சொன்னவர்கள். பிறகு ஒரு விருந்து வந்தது. மகனுக்கு முதல் வேலை கிடைத்ததற்காக வைத்த விருந்து. பெரிய பாத்திரத்துப் பருப்பில் பெரியவள் உப்புப் போட்டுவிட்டு விருந்தாளிகளை வரவேற்கப் போனாள். அக்கா மறந்துபோய்விட்டாளே என்று சின்னவளும் அள்ளிப் போட்டாள். ஊரே வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தது, ஊரே தண்ணீர் கேட்டது. அன்று பார்த்து குழாயும் நூலாக வடிந்தது.

“என் பாத்திரத்துல கை வைக்க நீ யாரு?” என்று பெரியவள் அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

“நான் யாரும் இல்லைதான்” என்று சொல்லிவிட்டு மாடி ஏறினவள்தான் சின்னவள். மாடியிலேயே அடுப்பு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எதிரே வந்தால் ஒருத்தி மல்லிகைக் கொடியைப் பார்ப்பாள், ஒருத்தி செருப்பைப் பார்ப்பாள்.

ஆனால் ஒரே குழாய். அதுதான் சிக்கல். உள்ளே பச்சை படிந்து துளை சுருங்கிப்போன அந்தக் குழாயில் ஒரு நேரத்தில் ஒரு வீட்டுக்குத்தான் தண்ணீர் வரும். கீழே திறந்தால் மேலே நின்றுவிடும். மேலே தலையில் சோப்பு நுரையோடு ஒரு பெண்பிள்ளை நிற்கும்போது கீழே பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒருநாள் அப்படித்தான் ஆனது. சின்னவள் வாயைத் திறந்து கத்தவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல், கையில் கிடைத்த குவளையால் குழாயை ஓங்கித் தட்டினாள். செம்பு அந்தச் சத்தத்தை மணிபோலக் கீழே கொண்டுவந்து கொடுத்தது. பெரியவள் குழாயை மூடினாள்.

அங்கே ஆரம்பித்தது. இரண்டு தட்டு என்றால், நான் திறக்கப்போகிறேன், நீ மூடு. ஒரு தட்டு என்றால், முடித்துவிட்டேன், இனி உன் பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, பேசத்தான் பேசுவதில்லையே. மூத்தவள் என்பதால் காலையில் பெரியவள் முதலில் குளிப்பாள். அவளுடைய ஒரு தட்டு கேட்ட பிறகுதான் சின்னவள் தண்ணீரைத் தொடுவாள்.

மூன்று தட்டு அதற்குப் பிறகு வந்தது. பெரியவளுடைய கணவர் இறந்தபோது சின்னவள் இறங்கி வந்து, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டு, பாய் விரித்து, பாத்திரம் தேய்த்து, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாக் காரியத்தையும் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். மறுநாள் விடியற்காலையில், வீடு காலியாகக் கிடந்த நேரத்தில், குழாயில் மூன்று தட்டு கேட்டது. மூன்றுக்கு அர்த்தமே கிடையாது. பெரியவள் படுக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து போய், கரண்டிக் காம்பால் அவளும் மூன்று தட்டினாள்.

அன்றிலிருந்து தினமும். மேலேயிருந்து மூன்று, கீழேயிருந்து மூன்று. அதைக் கேட்ட பிறகுதான் பெரியவளுக்கு அந்த நாள் தொடங்கும். ஒருநாள் மேலே தட்டு வரத் தாமதமானதும், சும்மா இருந்த ரேடியோவைக் கூப்பிட்டு, “மேல யாருக்காவது உடம்புக்கு என்னவாம்?” என்று கேட்டு, “லேசா ஜுரம்” என்று தெரிந்து, மிளகு கஷாயம் வைத்து, “நீங்க குடிக்கிறதுக்கு, தம்பி” என்று கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

இதையெல்லாம் மகனிடம் எப்படிச் சொல்வது? தண்ணீருக்காக இல்லையடா, தட்டுவதற்காக எனக்கு அந்தக் குழாய் வேண்டும் என்றா? அதைவிடச் செம்பு உடம்புக்கு நல்லது என்பது சொல்வதற்கு எளிதாக இருந்தது.

ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பிளாஸ்டிக்கை எலி கடிக்கும் என்றாள். “இந்த வீட்டு எலி இரும்பையே கடிக்கும் போலிருக்கே, பாப்போம்” என்றார் பிளம்பர். வெயிலில் வெடிக்கும் என்றாள். “சுவருக்குள்ள வெயில் எங்கம்மா வரும்?” என்றார். கடைசியில், மகன் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்து, மூலைக் குழாயருகே வந்து நின்றாள்.

“எல்லாத்தையும் மாத்து. இந்த ஒண்ணை மட்டும் விட்டுடேன்.”

“எதும்மா? மாடிக்குப் போறதா? இருக்கறதுலயே மோசம் இதுதாம்மா. இங்க பாருங்க.” அவர் டார்ச்சை அடித்தார். இடுப்பு உயரத்தில் குழாய் பளபளவென்று தேய்ந்து, கட்டைவிரல் பதியும் அளவுக்குக் குழிந்திருந்தது. “யாரோ இங்கேயே தட்டித் தட்டி நசுக்கியிருக்காங்க. செம்பு என்ன ஆகும்? மேல குளியலறையிலயும் பாத்தேன், இதே மாதிரி ஒரு குழி. யாரும்மா தட்டறது?”

“எலி.”

“எலியா?”

“ஆமா.”

“கரண்டி வச்சிருக்கிற எலியாம்மா?” என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. “இன்னும் ஒரு மாசம் தாங்காதும்மா. ஒருநாள் வெடிச்சா உங்க மாவு, சர்க்கரை எல்லாம் மிதக்கும். அது மட்டுமில்ல, இந்த வீட்டு எர்த் ஒயரையும் இதுலதான் கட்டி வச்சிருக்காங்க. அதுக்குத் தனியா கம்பி இறக்கச் சொல்லி எலக்ட்ரீசியனை வரச் சொல்லியிருக்கேன். எல்லாரும் இந்த ஒரு பைப்பையே நம்பிக்கிட்டு இருந்திருக்கீங்க போங்க.”

பெரியவளுக்கு மேற்கொண்டு வாதாடப் பிடி கிடைக்கவில்லை. மேலே, ரேடியோவின் சத்தத்தை மீறி, சின்னவளும் எதையோ சொல்லித் தோற்றுக்கொண்டிருப்பது கேட்டது.

வெட்டப்போகிற அன்று காலை மூன்று தட்டு வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே வழக்கத்தைவிட இடைவெளி விட்டு. பெரியவளும் அப்படியே இடைவெளி விட்டுத் தட்டினாள். குளித்து, ஒரு தட்டுத் தட்டி முடித்தபோது, கை குழாயிலேயே கொஞ்சம் இருந்தது. அப்புறம் பிளம்பர் மோட்டாரை நிறுத்தினார்.

“வாளி, அண்டா எல்லாத்துலயும் பிடிச்சு வச்சுக்கிட்டீங்கள்ல? சரி, ஆரம்பிக்கிறேன்.”

வெட்டும் கருவி குழாயைச் சுற்றிச் சுற்றிக் கிரீச்சிட்டது. துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. புதுக் குழாய் வெள்ளை வெளேரென்று, எடையே இல்லாமல், பசை தடவினால் ஒட்டிக்கொள்வதாக இருந்தது. அவ்வளவு பெரிய வேலை இவ்வளவு சுலபமாக நடப்பதே பெரியவளுக்கு மரியாதைக்குறைவாகப் பட்டது.

சாயங்காலம் பின்புறம் துணி எடுக்கப் போனபோது பழைய துண்டுகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. குனிந்து தன்னுடைய துண்டைத் தேடி எடுத்தாள். கட்டைவிரல் குழியில் பொருந்தியது. பக்கத்திலேயே இன்னொன்று கிடந்தது. அதிலும் ஒரு குழி. ஆனால் அவளுடையதைவிட ஆழம். குழிக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கை மாறி மாறி, சரியாகக் கேட்கிறதோ இல்லையோ என்று இடம் மாற்றி மாற்றித் தட்டியதுபோல. பெரியவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். துணியை எடுக்க மறந்துவிட்டாள்.

பிளம்பர் கிளம்பும்போது வாசலில் நின்று சத்தமாக, மாடிக்கும் கேட்கும்படி சொன்னார்: “பசை காயட்டும். காலையில ரெண்டு வீட்டுலயும் குழாயை நல்லாத் திறந்து விடுங்க. வாசம் போகணும். இனிமே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திறக்கலாம், ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே வேண்டாம்!”

சந்தோஷமான செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார்.

மறுநாள் விடியலில் பெரியவள் விழித்துப் படுத்திருந்தாள். குழாயில் சத்தம் இல்லை. பிளாஸ்டிக்கில் எப்படிக் கேட்கும் என்று புத்தி சொன்னது. எழுந்து போய்க் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். தலையணையைத் தட்டினதுபோல் ஒரு டொப். இன்னொரு டொப். மூன்றாவதை மெதுவாகத்தான் தட்டினாள். அது சமையலறையைத் தாண்டியிருக்காது.

இவளுக்கே சரியாகக் கேட்காதபோது மாடியில் இருப்பவளுக்கு எங்கே கேட்கும்? அது சரிதான். ஆனால் அவள் தட்டினாளா இல்லையா? இனிமேல்தான் கேட்க வேண்டாமே, அவள் பாட்டுக்குத் திறந்து குளித்துவிட்டுப் போகலாமே. தண்ணீருக்காகத்தான் இத்தனை நாளும் தட்டினாளோ என்னவோ. மூன்று தட்டுக்கு இவளாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மூலையருகே உட்கார்ந்தாள். குழாயைத் திறக்கத் தோன்றவில்லை. மேலே அவள் எழுந்தாளா என்று தெரியாமல் எப்படிக் குளிப்பது? மகன் வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, “ஏம்மா ஒரு மாதிரி இருக்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேலைக்கு ஓடினான்.

வெயில் ஜன்னலைத் தாண்டி அடுப்பு மேடை வரை வந்த பிறகு பிளம்பர் வந்தார். நேரே மோட்டார் அறைக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“என்னம்மா ஆச்சு? மீட்டர் முள் நேத்து நான் விட்ட இடத்துலயே நிக்குது. குழாயைத் திறந்தா தானா ஓடுற மோட்டார், ஒரு தடவைகூட ஓடல. தண்ணி வரலையா?”

“தெரியாது.”

“தெரியாதா?” அவர் தொட்டிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து அவர் சட்டையை நனைத்தது. “வருதே! மடை திறந்த மாதிரி வருதே! ஒரு வாய் தண்ணிகூடவா யாரும் பிடிக்கல?”

அந்த நேரம் பார்த்து ரேடியோ தோளில் துண்டோடு, சவரம் செய்யாத முகத்தோடு இறங்கி வந்தார்.

“அண்ணி, நீங்க எப்பத்தான் குளிச்சு முடிப்பீங்க? அவ என்னைக் குளியலறைப் பக்கமே அண்டவிட மாட்டேங்கறா. ‘அக்கா இன்னும் முடிக்கல, முடிக்கல’ன்னு வாசல்லயே காவல் நிக்கிறா.”

“நான் ஆரம்பிக்கவே இல்லையே.”

“ஏன்?”

பெரியவள் கேட்டாள், யாரையோ பற்றிக் கேட்பதுபோல: “அவ எப்ப எழுந்தா?”

“எப்பவா? விடியறதுக்கு முன்னாடியே எழுந்து பைப்பைப் போட்டு அடி அடின்னு அடிக்கிறா. ஒரு கரண்டி வளைஞ்சே போச்சு. புது பைப், உடைச்சிடாதடின்னா, ‘போய் அக்கா நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டு வாங்க’ன்னா. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், நாற்காலியில உக்காந்திருந்தீங்க. நல்லாத்தான் இருக்காங்கன்னு சொன்னேன். அதுக்கு அழறா.”

“எதுக்கு அழறா?”

“நல்லா இருக்கறவங்க ஏன் பதில் தட்டலன்னு.”

பெரியவள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கொழுந்தனைத் தாண்டி, பிளம்பரின் சாமான் பையைத் தாண்டி, மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். அங்கே அவள் நின்றே வருஷங்கள் ஆகியிருந்தன. தலையை நிமிர்த்தினாள். கோபம்தான் கைவசம் இருந்தது, அதையே எடுத்தாள்.

“நான் மூணு தட்டுத் தட்டினேன்! உனக்குக் கேக்கலன்னா நான் என்ன பண்றது?”

மேலே அசைவு நின்றது. ரேடியோ வாயைத் திறந்தபடி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“நானுந்தான் தட்டினேன்!” என்று மேலேயிருந்து வந்தது. அழுத குரல், ஆனால் சண்டைக்குத் தயாராக இருந்த குரல். “விடியறதுலேருந்து தட்டறேன்!”

“பிளாஸ்டிக்ல கேக்காதுடீ!”

“கேக்காதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“எப்படிச் சொல்றது? நாமதான் பேசறதில்லையே!”

தொட்டியில் பிளம்பர் திறந்துவிட்ட குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

“ஆமால்ல” என்றது மேலேயிருந்து குரல். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பெரியவளுக்கு முதலில் பிடிபடவில்லை. சின்னவள் சிரித்து அவள் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

“அக்கா, நீங்க குளிக்கலையா?”

“இல்ல. நீ எழுந்தியா இல்லையான்னே தெரியல, எப்படிக் குளிக்கிறது? நீ?”

“நீங்க முடிக்காம நான் எப்படிக் குளிக்கிறது?”

பிளம்பருக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குளிக்கலாம்மா. அதுக்குத்தானே நான் இவ்வளவு—”

“நீ சும்மா இரு!” என்று கீழேயும் மேலேயுமிருந்து ஒரே நேரத்தில் வந்தது.

அவர் சும்மா இருந்தார். ரேடியோ அவர் தோளில் ஆறுதலாகத் தட்டினார்.

சின்னவள் மேல்படியில் வந்து நின்றாள். கையில் வளைந்த கரண்டி. தலை கலைந்து, நெற்றியோரத்து நரை லேசாகப் பச்சை அடித்தது. இவளுக்கும் நரைத்துவிட்டதே என்று பெரியவள் பார்த்தாள். எதிரே வரும்போதெல்லாம் கொடியையும் செருப்பையும் பார்த்ததில் இது தெரியாமலே போய்விட்டது.

“நாளைக்கு?” என்றாள் சின்னவள்.

“நாளைக்கு என்ன?”

“நாளைக்குக் காலையில எனக்கு எப்படித் தெரியும்?”

“வாய் இருக்கில்ல? கூப்பிடேன்.”

“என்னன்னு?”

“எப்பவும் என்னன்னு கூப்பிடுவ? அக்கான்னு கூப்பிடு. மூணு தடவையெல்லாம் வேண்டாம். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

சின்னவள் தலையாட்டினாள். கரண்டியை முந்தானையில் துடைத்தாள். ஒரு படி இறங்கினாள். அங்கேயே நின்றாள்.

“அக்கா, அன்னிக்கு அந்த உப்பு...”

“முதல்ல போய்க் குளி. மணி என்ன ஆச்சு பாரு. குளிச்சிட்டுக் கீழ வா, நிதானமா உக்காந்து சண்டை போடலாம்.”

பெரியவள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். குழாயில் கை வைத்தாள். திறக்கவில்லை. பழக்கம்.

“அக்கா!” என்று மேலேயிருந்து, சுவர் ஜன்னல் எல்லாம் அதிர, ஒரு கத்தல். “நான் திறக்கறேன்!”

“திற, திற! நானும் திறக்கறேன்!” என்று இவளும் கத்திவிட்டுத் திறந்தாள்.

தண்ணீர் இரண்டு இடத்திலும் கொட்டியது.